நிணநீர் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதிலிருந்து ஆறித் தேறும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீங்கிய கையிலோ காலிலோ கட்டைவிரலை வைத்து ஒரு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் அங்கே குழி விழுந்து நிற்கிறதா? இல்லை, அழுத்திய அடையாளமே இல்லாமல் கெட்டியாக அப்படியே இருக்கிறதா? எந்த அறுவை சிகிச்சை பொருந்தும் என்பதில் பாதியை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும். குழி விழுந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர். விழாவிட்டால் அங்கே கொழுப்பும் நாரும் சேர்ந்துவிட்டன.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்த இரண்டாம் ஆண்டில் என் அம்மாவின் இடது கை வீங்கத் தொடங்கியது. முதலில் பார்த்த மருத்துவர், "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா, பழகிக்குங்க" என்றார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்த இன்னொருவர், கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாளங்களை இணைக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். மூன்றாவதாகப் பார்த்தவர்தான் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். குழி விழவில்லை. "இதில் நீர் கொஞ்சம்தான் இருக்கு. நாளத்தை இணைச்சுப் பெரிசா பயன் இருக்காது" என்றார். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் போகக்கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இது உங்கள் மருத்துவரின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. அவரிடம் சரியான கேள்விகளோடு போய் உட்கார உதவும்.

படி 1: இது நிணநீர் வீக்கம்தானா?

இரத்தக்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநாளங்களின் வேலை. வழியில் அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் அதை வடிகட்டுகின்றன. காய்ச்சலில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று தடவிப் பார்ப்போமே, அவைதான் இந்த முடிச்சுகள். புற்றுநோய் அறுவையில் இவற்றை எடுத்துவிட்டாலோ, கதிர்வீச்சில் இவை பாதிக்கப்பட்டாலோ, யானைக்கால் நோயின் ஃபைலேரியா புழு நாளங்களைச் சிதைத்தாலோ, பிறவியிலேயே நாளங்கள் சரியாக அமையாவிட்டாலோ நீர் தேங்குகிறது. அதைத்தான் மருத்துவர்கள் லிம்ஃபெடீமா என்கிறார்கள்.

வீங்கிய காலெல்லாம் நிணநீர் வீக்கம் ஆகிவிடாது. இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் கால் வீங்கும். ஒரே காலில் திடீரென வலியோடு வீக்கம் வந்தால் ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் சமமாகப் பருத்து, பாதம் மட்டும் மெலிந்தே இருந்தால் அது லிப்பிடீமா என்ற வேறு நோயாக இருக்கலாம். புற்றுநோய் வந்து போனவர்களுக்கு வீக்கம் சட்டென்று கூடினாலோ புதிதாக வலி வந்தாலோ, நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு எதையும் பேச வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதியில், மேல்பக்கத் தோலை இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்குங்கள். கையென்றால் நடுவிரலில் செய்யலாம். தோல் மடிப்பாக எழும்பாமல் தடித்து ஒட்டியிருந்தால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். தோல் எழும்பிவிட்டது என்பதற்காக நோயே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆரம்ப நிலையில் எழும்பத்தான் செய்யும்.

படி 2: உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது?

தேங்கிய நிணநீரில் புரதம் அதிகம். அது அங்கேயே கிடப்பதால் திசுவில் ஓயாத அழற்சி ஏற்படுகிறது. அந்த அழற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடரும்போது தோலுக்கடியில் கொழுப்பு வளர்கிறது, நார்த்திசு படிகிறது. நீர் தேங்கித் தொடங்கிய வீக்கம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சதையாகிவிடுகிறது. மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நிலை 0-இல் வெளியே வீக்கம் தெரியாது, கனம் மட்டும் தெரியும். நிலை 1-இல் கைகாலை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடிந்துவிடும். நிலை 2-இல் உயர்த்தி வைத்தாலும் வடியாது. தொடக்கத்தில் குழி விழும், போகப்போக விழாது. நிலை 3-இல் தோல் தடித்து, மடிந்து, மரு போலப் புடைப்புகள் எழும்பி யானைக்கால் தோற்றம் வரும்.

நிலையின் எண்ணிக்கையைவிட உள்ளே இருக்கும் பொருள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீரை வடிக்க வழி செய்யலாம். கொழுப்பு எந்த வழியிலும் வடியாது, அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் நிணநீர் வீக்கத்தைக் குணப்படுத்தாததற்கும் இதுதான் காரணம். நீர் மட்டும் கொஞ்சம் குறையும். புரதம் அங்கேயே நிற்கும்.

படி 3: கத்திக்கு முன்னால் கட்டு

எந்த நல்ல அறுவை மருத்துவரும் முதல் சந்திப்பிலேயே கத்தியை எடுக்க மாட்டார். சில மாதங்களாவது முறையான கட்டு சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்பார். இதில் நான்கு பகுதிகள் உண்டு: பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் மென்மையாகத் தடவி நீரை மேல்நோக்கி ஓட்டும் மசாஜ், அதிகம் இழுபடாத துணியால் பல அடுக்காகச் சுற்றும் பேண்டேஜ், கட்டோடு செய்யும் உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. வீக்கம் குறைந்த பிறகு அளவெடுத்துத் தைத்த, இறுக்கிப் பிடிக்கும் உறையைப் போட வேண்டும்: கைக்குக் கம்ப்ரஷன் ஸ்லீவ், காலுக்கு ஸ்டாக்கிங்.

இதைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகக் கட்டிப் பார்த்தால்தான் வீக்கத்தில் எவ்வளவு நீர், எவ்வளவு கெட்டி என்பது தெரியும். கட்டால் முழுதாக வடிந்துவிட்டால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். எவ்வளவு கட்டினாலும் ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறதா? மீதி நிற்பது கொழுப்பு. இன்னொன்றும் இருக்கிறது. தினமும் ஸ்லீவ் போட முடியுமா, பொறுமை இருக்கிறதா என்பது இந்த மாதங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த அறுவையைச் செய்துகொண்டாலும் அது தேவைப்படும்.

படி 4: அளவும் படமும்

டேப்பை எடுத்து மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவை எழுதுங்கள். வீங்காத கையிலும் அதே இடங்களில் எடுங்கள். இந்த எண்களை வைத்து இரண்டு கைகளுக்கும் கொள்ளளவு வித்தியாசம் எத்தனை மி.லி. என்று கணக்கிட முடியும். முடிந்தவரை ஒரே ஆள், ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. காலையிலும் மாலையிலும் அளவு மாறும்.

மருத்துவமனையில் எடுக்கும் பரிசோதனைகளில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது லிம்ஃபோசிண்டிகிராஃபி. சிறிதளவு கதிரியக்கப் பொருளை விரலிடுக்கில் ஊசியாகப் போட்டு, அது எவ்வளவு வேகமாக அக்குளுக்கோ தொடை இடுக்குக்கோ போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவது ஐ.சி.ஜி. பரிசோதனை. பச்சை நிறச் சாயம் ஒன்றைத் தோலுக்குள் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பார்கள். வேலை செய்யும் நாளம் பளிச்சென்று ஒரு கோடாக ஓடும். நாளம் கெட்ட இடத்தில் கோடு மறைந்து, சாயம் விண்மீன் சிதறல் போலத் தோலெங்கும் பரவி நிற்கும். அம்மாவுக்கு எடுத்தபோது முன்கையில் பாதி தூரம் ஒரு மெல்லிய கோடு வந்தது, அதற்கு மேல் முழுக்கச் சிதறல். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே புரிந்துவிட்டது. இந்தச் சாயத்தில் பொதுவாக அயோடின் இருக்கும். ஒவ்வாமை உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் கொழுப்பையும் நீரையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எல்லாருக்கும் தேவைப்படாது.

படி 5: நான்கு வழிகளில் எது?

நாளத்தைச் சிரையோடு இணைப்பது. இதை எல்.வி.ஏ. என்பார்கள். முட்டிக்கொண்டு நிற்கும் நிணநாளத்தை வெட்டி, பக்கத்தில் ஓடும் சின்னஞ்சிறு சிரையில் தைத்துவிடுவது. தேங்கிய நீர் அப்படியே இரத்தத்தில் கலந்துவிடும். மெல்போர்னில் ஓ'பிரையன் குழுவினர் 1977-இல் நோயாளிகளிடம் இப்படிச் செய்ததை வெளியிட்டார்கள். ஜப்பானின் இசாவோ கோஷிமா இதை இன்னும் நுண்ணிய நாளங்களுக்குக் கொண்டுபோனார். அந்த நாளங்கள் 0.3 முதல் 0.8 மி.மீ. வரைதான் இருக்கும். 11-0, 12-0 என்று சொல்லப்படும், தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். தோலில் 2, 3 செ.மீ. நீளத்தில் சில கீறல்கள் மட்டுமே விழும். பலருக்குப் பகுதி மயக்கத்திலேயே செய்துவிடலாம், ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். பொருந்துவது யாருக்கு? குழி விழும் வீக்கம், ஐ.சி.ஜி.யில் கோடு தெரியும் நாளம், இந்த இரண்டும் இருப்பவர்களுக்கு. நாளம் தடித்துச் சுருங்கிவிட்டால் இணைக்க அங்கே எதுவும் மிஞ்சாது. அதனால் இது பிந்தாமல் செய்ய வேண்டிய அறுவை.

நிணநீர் முடிச்சை இடம் மாற்றுவது. உடலின் வேறோர் இடத்திலிருந்து முடிச்சுகளை அவற்றின் தமனி, சிரையோடு சேர்த்து எடுத்து, வீங்கிய கையிலோ காலிலோ வைத்து, இரத்த ஓட்டத்தை இணைப்பது. புதிய முடிச்சு சுற்றியுள்ள நீரை உறிஞ்சித் தன் சிரை வழியாக அனுப்பும். நாளடைவில் புதிய நாளங்களும் முளைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. நாளங்கள் கெட்டுவிட்டன, ஆனால் வீக்கத்தில் இன்னும் நீர் இருக்கிறது என்றால் இதை யோசிக்கலாம். அக்குளில் பழைய தழும்பு இறுகிக் கிடந்தால் அதை விடுவித்துவிட்டு அங்கேயே புதிய முடிச்சை வைப்பதும் உண்டு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது எடுக்கும் இடம். தொடை இடுக்கிலிருந்து எடுத்தால் அந்தக் கால் வீங்கும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, காலின் நீரை வடிக்கும் முடிச்சு எது என்று முன்பே சாயத்தால் அடையாளம் கண்டு அதைத் தொடாமல் விட வேண்டும். தாடைக்குக் கீழிருந்து எடுத்தால் கீழுதட்டை அசைக்கும் நரம்பைக் காப்பாற்ற வேண்டும். கழுத்தில் தழும்பும் தெரியும். காறை எலும்புக்கு மேலிருந்து எடுப்பதென்றால் பெரும்பாலும் வலது பக்கத்தைத் தேர்வு செய்வார்கள். இடது பக்கத்தில் நெஞ்சின் பெரிய நிணநாளம் வந்து சேர்கிறது. வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்பு மடிப்பிலிருந்து லேப்பராஸ்கோப்பி மூலம், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டு, எடுத்தால் கைகால் வீங்கும் பயம் இல்லை, ஆனால் வயிற்றுக்குள் செய்யும் அறுவைக்கு உரிய அபாயங்கள் எல்லாம் உண்டு. "எங்கிருந்து எடுப்பீர்கள், ஏன் அங்கிருந்து?" என்று கட்டாயம் கேளுங்கள்.

லைப்போசக்ஷன். குழி விழாத, கெட்டிப்பட்ட வீக்கத்துக்கு இதுதான் நேரடியான வழி. ஸ்வீடனின் மால்மோ நகரில் ஹோகன் புரோர்சன் இதை முறைப்படுத்தினார். அழகுக்காகச் செய்யும் லைப்போசக்ஷனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மணிக்கட்டு முதல் தோள் வரை, அல்லது கணுக்கால் முதல் இடுப்பு வரை, சுற்றிலும் உள்ள கொழுப்பை 3, 4 மி.மீ. அளவுள்ள சின்னத் துளைகள் வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். கையில் ஒரு நிமிட அழுத்தத்தில் 4, 5 மி.மீ.க்கு மேல் குழி விழுந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். மறுபடி கட்டி வடித்துவிட்டுத்தான் செய்வார்கள். கொழுப்பு போனதும் தோல் தானாகச் சுருங்கிக்கொள்ளும், பெரும்பாலும் அதிகப்படியான தோலை வெட்ட வேண்டி வராது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. வாழ்நாள் முழுக்க, இரவும் பகலும் கம்ப்ரஷன் ஸ்லீவ் போட வேண்டும். இந்த அறுவை கொழுப்பை எடுக்கிறது. நீர் வடியும் வழியைத் திறப்பதில்லை. ஸ்லீவை விட்டால் வீக்கம் திரும்பிவிடும். இதற்கு மனதார ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் இந்த வழிக்குள் போகாமல் இருப்பதே நல்லது.

வெட்டி எடுப்பது. தோலும் மடிந்து தொங்கி, புண்ணாகி, நடக்கவே முடியாத நிலை 3-க்கு இது. அதிகப்படியான தோலையும் திசுவையும் பகுதி பகுதியாக எடுக்கலாம். சார்லஸ் முறையில், வீங்கிய பகுதியின் தோலையும் அடியில் உள்ள திசுவையும் தசை உறை வரை முழுவதும் எடுத்துவிட்டுத் தோல் ஒட்டுவார்கள். தழும்பு பெரிது, ஆற நாளாகும், தொற்று வரலாம். வேறு வழியே இல்லாதவர்களுக்கு நடமாட்டத்தைத் திருப்பித் தரும் என்பதால் இது இன்னும் செய்யப்படுகிறது.

இந்த வழிகளைச் சேர்த்தும் செய்வார்கள். முதலில் லைப்போசக்ஷன், சில மாதங்கள் கழித்து நாள இணைப்பு அல்லது முடிச்சு மாற்றம். சிலர் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். ஒரே ஒரு முறையை மட்டும் தெரிந்த மருத்துவர் எல்லாருக்கும் அதையே சொல்வார். இரண்டாவது கருத்து கேட்கத் தயங்காதீர்கள்.

அக்குள் முடிச்சுகளை எடுக்கும் அறுவைக்கு இனிமேல்தான் போகப்போகிறீர்களா? அதே மயக்கத்தில், வெட்டுப்பட்ட நாளங்களைச் சிரையோடு இணைத்துவிடும் முறை ஒன்று உண்டு. இத்தாலியின் ஜெனோவாவில் பொக்கார்டோ குழுவினர் 2009-இல் அதை வெளியிட்டார்கள். உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று இப்போதே கேளுங்கள்.

படி 6: தேதி குறிக்கும் முன்

புற்றுநோய் கட்டுப்பாட்டில் இருப்பதாகப் புற்றுநோய் மருத்துவர் சொல்ல வேண்டும். ஃபைலேரியா இருந்தால் புழுவுக்கான மருந்து முடிந்திருக்க வேண்டும். கைகாலில் சிவந்து காய்ச்சலோடு வரும் செல்லுலைட்டிஸ் தொற்று இருந்தால் அது முழுதாக அடங்கி, சில வாரங்கள் போக வேண்டும். விரலிடுக்குச் சேற்றுப்புண், வெடிப்பு, நகச்சொத்தை எல்லாவற்றையும் சரி செய்துவிடுங்கள். கிருமிக்கு அவைதான் வாசல். எடை அதிகமிருந்தால் குறையுங்கள், பருமன் நிணநீர் வீக்கத்தை மோசமாக்கும், அறுவையின் பலனையும் குறைக்கும். புகை பிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும், முடிச்சு மாற்றுவதென்றால் கண்டிப்பாக.

இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் போன்றவற்றைச் சொல்லாமல் விடாதீர்கள். சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், அதை நீங்களாகச் செய்யக் கூடாது.

அப்புறம் ஸ்லீவ். லைப்போசக்ஷன் என்றால், வீங்காத கையின் அளவில் தைத்த ஸ்லீவ் அறுவைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அறுவை மேசையிலேயே அதை மாட்டிவிடுவார்கள்.

மருத்துவரிடம் கேட்க இவற்றை எழுதி எடுத்துப் போங்கள். இந்த அறுவையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களின் அளவுகளை ஓராண்டுக்குப் பிறகும் எடுத்தீர்களா? எனக்கு எது குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள்: அளவா, கனமா, அடிக்கடி வரும் காய்ச்சலா? பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன? பின்னால் கட்டுப்போட தெரபிஸ்ட் உங்களிடம் இருக்கிறாரா?

படி 7: அறுவையும் அதன் பிறகும்

நாள இணைப்புக்குச் சில மணி நேரம் ஆகும். வலி குறைவு. கையை உயர்த்தி வைக்கச் சொல்வார்கள். தைத்த இடத்தின் மேல் அழுத்தம் படக்கூடாது, எனவே ஸ்லீவை எப்போது திரும்பத் தொடங்குவது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாளத்தைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போட்டிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம்.

முடிச்சு மாற்றம் பெரிய அறுவை. முதல் இரண்டு மூன்று நாள் புதிய முடிச்சுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று செவிலியர் அடிக்கடி வந்து பார்ப்பார்கள். உறைந்துவிட்டால் உடனே மறுபடி திறக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையில் கிட்டத்தட்ட ஒரு வாரம் இருக்கத் தயாராக இருங்கள். பலன் மெதுவாக வரும், ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட ஆகும். மூன்றாம் மாதம் அளவெடுத்துவிட்டு ஏமாந்து போக வேண்டாம்.

லைப்போசக்ஷனில் பலன் அன்றே தெரியும், வலியும் அன்றே தெரியும். கைமுழுக்கக் கன்றிப்போயிருக்கும், தோல் மரத்திருக்கும். முதல் சில நாட்களில் ஸ்லீவைக் கழற்றிக் கழுவி மாட்டும்போது அம்மாவுக்கு இரண்டு பேர் துணை தேவைப்பட்டது. ஒரே அளவில் இரண்டு ஸ்லீவ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். கை இளைக்க இளைக்க ஸ்லீவையும் சிறிதாக்கித் தைக்க வேண்டும். முதல் ஆண்டில் இது பல முறை நடக்கும். தளர்ந்த ஸ்லீவைப் போட்டுக்கொள்வதும் போடாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த அறுவையானாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கைகால் சிவந்து சுட்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆன்டிபயாட்டிக் தேவை. அடிக்கடி வந்தால் நீண்ட நாள் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். கெண்டைச்சதை வலித்தாலோ, மூச்சு திணறினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆண்டுக்கணக்கில் வீங்கிய கையில் ஊதா நிறத் திட்டோ, ஆறாத கட்டியோ தோன்றினால், அது அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். உடனே திசுப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அளவு நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். 1, 3, 6, 12 மாதங்களில், பிறகு ஆண்டுதோறும், அதே 4 செ.மீ. புள்ளிகளில் எடுங்கள். அளவோடு, அந்த இடைவெளியில் எத்தனை முறை காய்ச்சல் வந்தது, ஸ்லீவ் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். சிலருக்குச் சுற்றளவு ஒரு செ.மீ.கூடக் குறையாது, ஆனால் மாதம் ஒரு முறை வந்த தொற்று நின்றுபோயிருக்கும். நோட்டில் எழுதியிருந்தால்தான் அது கண்ணில் படும். அம்மாவின் நோட்டில் இப்போது இடது, வலது என்ற இரண்டு வரிசைகளிலும் எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. முழங்கைக்கு மேல் மட்டும் அரை செ.மீ. கூடுதல். அடுத்த ஸ்லீவை அந்த இடத்தில் கொஞ்சம் இறுக்கித் தைக்கச் சொல்லியிருக்கிறோம்.